பத்து நிமிடம், சக்கரம் கழன்ற ஒரு ஸ்கிரீன், வெளியே நாற்பது பேர்

இரவுப்பணி செவிலி:

தாலுகா மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். 11 வருடமாக கேஷுவால்டி, அவசரப் பிரிவு. போன வாரம் நடந்த ஒன்று மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ராத்திரி ஒன்பதரை இருக்கும். முப்பது வயதுப் பெண் ஒருவர் இடது மணிக்கட்டு வீங்கி, மாமியாரோடு வந்தார். "மாடிப்படியில தடுக்கி விழுந்துட்டேன்" என்றார். மணிக்கட்டை மட்டும் பார்த்தால் நம்பலாம். மேல்கையில் நான்கு விரல் தடம் மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தது. எந்தப் படியில் விழுந்தாலும் அப்படி வராது.

அன்றைக்கு நான் ஒருத்திதான். ஒரு பைக் விபத்து, ஒரு பாம்புக்கடி, காய்ச்சலில் வெட்டிழுத்த ஒரு குழந்தை. ஏ.ஆர். நோட்டை, அதாவது விபத்துப் பதிவேட்டை, கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே கேட்டேன்: "யாரும்மா அடிச்சது? எவ்ளோ நாளா நடக்குது? ஏன் இவ்ளோ நாளா யார்கிட்டயும் சொல்லல?" ஹாலில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, காதுத் தோட்டைத் திருகிக்கொண்டே இருந்தார். எக்ஸ்ரே சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பாம்புக்கடியைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். சீட்டு கட்டில் மேலேயே கிடந்தது.

போன வருடம் ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 'ட்ராமா இன்ஃபார்ம்டு கேர்', அதாவது மனக்காயம் பட்டவர்களிடம் அதை அறிந்து பழகுவது. ஸ்லைடில் மெல்லிய விளக்கு, சோஃபா, ஓரமாக ஒரு செடி, ஒருவருக்கு 45 நிமிடம். எங்களிடம் இருப்பது இரண்டு கட்டிலும் சக்கரம் கழன்ற ஒரு மறைப்பு ஸ்கிரீனும். எனக்குக் கிடைப்பது பத்து நிமிடம், அதிலும் பாதி எழுதவே போய்விடும். இந்தப் பத்து நிமிடத்தில் செய்ய ஏதாவது இருக்கிறதா? இல்லை, சும்மா குற்ற உணர்ச்சியோடு இருக்க வேண்டியதுதானா?

கிராம செவிலி அக்கா:

சிஸ்டர், முதலில் அந்த மாமியாரைக் கிளப்பியிருக்க வேண்டும். அது தெரியாமல் எத்தனையோ வீட்டில் நானும் முழித்திருக்கிறேன்.

சப் சென்டரில் நான் செய்வது இது. கூட வந்தவரிடம் "வெளியே இருங்க" என்று சொன்னால் சந்தேகம் வந்துவிடும். அதனால் சிறுநீர் டப்பாவைப் பெண்ணின் கையில் கொடுத்து, "வாங்க, இடத்தைக் காட்டுறேன்" என்று நானே கூட்டிப் போவேன். பாத்ரூம் வாசலில் ஒன்றரை நிமிடம் கிடைக்கும். யாருக்கும் உறுத்தாது. எடை பார்க்கும் இடத்தை மறைவாக வைத்திருப்பதும் அதற்குத்தான்.

அப்புறம், சீட்டில் எந்த நம்பரையும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அந்தச் சீட்டு விழுந்து அடி வாங்கிய பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும், எழுதிக் கொடுத்தவள் நான்தான். இப்போது வாயால் மட்டும் சொல்கிறேன். பெண்கள் உதவி எண் 181, மூன்றே எண். ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னால் போதும்.

டூட்டி எம்.ஓ.:

கொஞ்சம் கசப்பாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

காலையில் 180 ஓ.பி. பார்த்துவிட்டு ராத்திரி டூட்டிக்கும் நிற்கிற ஆளிடம், மனக்காயம் அறிந்து பழகு என்று இன்னொரு மூட்டையை ஏற்றுகிறார்கள். ஆள் தர மாட்டார்கள், அறை தர மாட்டார்கள், பயிற்சிச் சான்றிதழ் மட்டும் தருவார்கள். சிஸ்டர் கேட்ட கேள்விகளில் என்ன தப்பு? யார் அடித்தது, எப்போது, எதனால் அடித்தார்கள், இதெல்லாம் இல்லாமல் எம்.எல்.சி., அதாவது கோர்ட்டுக்கும் போகிற காயப் பதிவு, எழுத முடியாது. நாலு வருடம் கழித்துக் கூண்டில் நிற்கப்போவது நான். "காயத்தின் வயது என்ன டாக்டர், ஏன் எழுதவில்லை?" என்று வக்கீல் கேட்கும்போது செடி வைத்த ஸ்லைடு வந்து பதில் சொல்லாது. மனசைப் பார்க்க மனநல மருத்துவர் இருக்கிறார், அனுப்பிவிட்டால் போதும்.

மாவட்ட மனநலத் திட்டம், உளவியலாளர்:

டாக்டர், அனுப்புங்கள் சார், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் குழு ஒரு தாலுகா மருத்துவமனைக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி ஒன்பதரைக்கு வந்த பெண் அதுவரை காத்திருக்க மாட்டார்.

இரண்டு விஷயம் இங்கே ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. மனக்காயத்துக்குச் சிகிச்சை செய்வது என் வேலை, அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். மனக்காயம் அறிந்து பழகுவது வேறு. கட்டு போடுவதையும் ஊசி போடுவதையும் எக்ஸ்ரேக்கு அனுப்புவதையும் எப்படிச் செய்கிறோம் என்பதுதான் அது. எப்படியும் செய்கிற வேலைதான், தனியாக நேரம் கேட்காது. பி.பி. கஃபைச் சுற்றும்போது ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்து இழுக்கிறோம். கையை முறுக்கி அடி வாங்கியவருக்கு அந்த இறுக்கம் எப்படி இருக்கும்? "இப்ப கை கொஞ்சம் இறுகும், வேணாம்னா சொல்லுங்க, நிறுத்திடுறேன்" என்பதற்கு நான்கு விநாடி. நான் நேரம் பார்த்திருக்கிறேன்.

நடந்ததை முழுக்கச் சொல்ல வைத்தால் பாரம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை நம் எல்லோருக்கும் உண்டு. 'கொட்டித் தீர்த்துவிடு' என்றுதானே சொல்லி வளர்ந்தோம். ஆனால் ஒரு அதிர்ச்சி நடந்த சூட்டோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் விவரிக்க வைக்கும் முறையை ஆராய்ந்து பார்த்ததில், பின்னால் வரும் மனநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது, சிலருக்குக் கூடுதல் கெடுதலே செய்திருந்தது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் கதையைக் கேட்டு வாங்கச் சொல்லவில்லை. பார், கேள், இணைத்து விடு, அவ்வளவுதான். அதில் 'கேள்' என்பது அவராகச் சொன்னால் காது கொடு என்ற அர்த்தத்தில்.

சிஸ்டர், உங்களுடைய மூன்று கேள்விகளில் மூன்றாவதுதான் வலிக்கும். 'ஏன் சொல்லல' என்பதைக் கேட்பவர் கரிசனமாகத்தான் கேட்கிறார். ஆனால் கேட்டுக்கொள்பவருக்கு அது 'தப்பு உன் மேல' என்றுதான் விழும்.

பெயர் வேண்டாம்:

நான் மருத்துவத் துறை இல்லை. மேலே 'கதையைக் கேட்டு வாங்காதே' என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாகப்பட்டினம் பக்கம் கடற்கரைக் கிராமம். 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு 11 வயது. தங்கச்சியும் ஆத்தாவும் போய்விட்டார்கள். முகாமில் இருந்தபோது வண்டி வண்டியாக வந்தார்கள், எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான். க்ரேயான் கொடுத்து, "அலையை வரை தம்பி" என்பார்கள். மொத்தம் நான்கு குழுவுக்கு வரைந்து கொடுத்தேன். நான் பார்த்த அலை கறுப்பு. சாக்கடை மாதிரி, குப்பையும் மரமும் கலந்து, கறுப்பாகத்தான் வந்தது. முதல் தடவை அப்படித்தான் வரைந்தேன், அந்த அக்கா அதைப் பார்த்து அழுதுவிட்டார். அவரை அழவைத்துவிட்டோமே என்று எனக்குப் பயமாகிவிட்டது. அதற்கப்புறம் மூன்று பேருக்கும் நீலத்தில் வரைந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு உதவியது யாரென்று கேட்டால், முகாமில் சமைத்துப் போட்ட ஒரு அம்மா. எதையும் கேட்கமாட்டார். தினமும் காலையில் "தட்டை எண்ணிச் சொல்லுடா, எனக்குக் கணக்கு வராது" என்பார். எண்ணிச் சொல்வேன். 212, 209 என்று நோட்டில் எழுதி வைப்பேன். நான் ஒருநாள் போகாவிட்டால் சாப்பாடு குறைந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது, அவர் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர்.

இரவுப்பணி செவிலி:

தம்பி, இதைப் படித்துவிட்டு மருந்து ஸ்டோரில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கிளிநொச்சி உளவளத்துணை:

வணக்கம். எங்கட பக்கம் இதை மனவடு என்று சொல்லுவம். உடலில் காயம் ஆறினாப் பிறகும் வடு இருக்கும்தானே, அந்த வடு. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், போரில் தனியாள் மட்டுமில்லை, ஊரும் உறவும் சேர்ந்தே வடுப்படுகிறது என்று எழுதினவை. தம்பி சொன்ன தட்டுக் கணக்கு எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்தியது. அந்தப் பிள்ளைக்கு அறுந்து போன ஊரை அந்த அம்மா ஒரு கொப்பியில் திருப்பிக் கட்டியிருக்கிறா.

2009-இல் போர் முடிந்த பிறகு மீளக்குடியமர்ந்த சனத்திடம் படிவத்தோடு போகாத ஆக்களே இல்லை. ஒரே கேள்வி, ஒரே கதை, ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து. ஒரு அம்மா எனக்குச் சொன்னா: "பிள்ளை, இவ்வளவு பேருக்குச் சொல்லிச் சொல்லி என்ர மகன்ர கதை இப்ப வேற ஆற்றையோ கதை மாதிரிக் கிடக்கு." அதற்குப் பிறகு நான் யாருடைய வீட்டுக்குப் போனாலும், ஏற்கெனவே எழுதின கோவை இருந்தால் அதை வாசித்துவிட்டுத்தான் படலையைத் திறக்கிறது. "நீங்கள் முதல் சொன்னதை வாசிச்சனான், திருப்பிச் சொல்லத் தேவையில்லை" என்ற ஒரு வசனத்துக்கே சிலர் அழுதிருக்கினம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20-ஆம் திகதி கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கி வீதியோரத்தில் இருந்தவை. அவையிடம் போய், நடந்ததை ஏற்றுக்கொள்ளுங்கோ, மனம் ஆறும் என்று உளவளத்துணை கதைக்க ஏலாது. மகன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத ஒரு ஆளிடம் எதை ஏற்கச் சொல்லுறது? பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊத்திக் குடுக்கலாம், கடிதம் எழுத உதவலாம். நேரமும் வளமும் இல்லை என்று நீங்கள் சொல்லுறது விளங்குது. எங்களுக்கும் எப்பவும் இல்லை. ஆனால் சில இடங்களில் இன்னும் பத்து உளநல வைத்தியர்கள் வந்தாலும் அவர்கள் செய்யக்கூடியது இதைவிடப் பெரிதாக இருந்திருக்காது.

தினம் ஒரு தியானம்:

எல்லோருக்கும் ஒரு எளிய வழி. கண்ணை மூடி ஆழ்ந்து பத்து மூச்சு எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பதற்றமும் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். செலவே இல்லை.

மாவட்ட மனநலத் திட்டம், உளவியலாளர்:

சிலருக்கு அடங்கும் சார். ஆனால் கண்ணை மூடினால் அந்தக் காட்சியே வந்து நிற்கும் ஆட்களும் உண்டு. மூச்சைக் கவனிக்கச் சொன்னால் மூச்சு முட்டியதுதான் ஞாபகம் வரும், கழுத்தை நெரித்து அடி வாங்கியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கேஷுவால்டியில் நான் சிபாரிசு செய்வது கண்ணைத் திறந்தபடியே செய்யக் கூடியவை. செருப்பைக் கழற்றி இரண்டு காலையும் தரையில் அழுத்தச் சொல்லலாம். ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்து, அது சில்லென்று இருக்கிறதா என்று கேட்கலாம். இது எந்த ஊர், இந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பேச்சுக் கொடுக்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், அது முக்கியம்.

டூட்டி எம்.ஓ.:

தம்பியின் பதிவைப் படித்தேன். மேலே எழுதியதில் கொஞ்சத்தை வாபஸ் வாங்குகிறேன், கொஞ்சத்தைத்தான்.

எம்.எல்.சி. வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் கிளிநொச்சி அம்மா சொன்னது எங்கள் ஆஸ்பத்திரிக்கும் அப்படியே பொருந்தும். ஓ.பி. சீட்டு போடுபவர் கேட்பார், சிஸ்டர் கேட்பார், பயிற்சி டாக்டர் கேட்பார், நான் கேட்பேன், அவுட்போஸ்ட் காவலர் வந்து கேட்பார். ஐந்து தடவை. சட்டம் ஐந்து தடவை கேட்கச் சொல்லவில்லை. ஒருவர் மறைவாக வைத்து ஒருமுறை கேட்டு, அவர் வாயால் சொன்னதை அப்படியே மேற்கோளில் எழுதிவிட்டால் மருத்துவமனையில் மற்ற எல்லோரும் அதைப் படித்துக்கொள்ளலாம். கோர்ட்டுக்கும் அதுதான் பலம், ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதி வைத்தால்தான் வக்கீலுக்குக் கொண்டாட்டம். இத்தனை வருடம் இதை யோசிக்காமல் இருந்ததற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாலியல் வன்முறை வழக்குகளில் நடைமுறை ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது, நம்மில் பலர் படிப்பதில்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்படி காவல்துறைக் கடிதம் வரும்வரை காக்க வேண்டியதில்லை, சிகிச்சையை மறுக்கவும் கூடாது. பரிசோதனையின் எந்தப் பகுதியையும் அவர் வேண்டாமென்று சொல்லலாம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல் பரிசோதனை' கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது, 2022 அக்டோபரில் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது என்பதிலேயே நம் லட்சணம் தெரிகிறது.

ஆனால் ஒன்று. எல்லாம் அவர் விருப்பம், அவர் வேகம் என்று விட்டுவிட்டு, அந்தப் பெண் வீட்டுக்குப் போய் அன்று ராத்திரியே செத்துப்போனால்?

மாவட்ட மனநலத் திட்டம், உளவியலாளர்:

நியாயமான பயம்தான். பத்து நிமிடத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடமென்றால் நான் கேட்பது இதைத்தான்: "இன்னிக்கு ராத்திரி அந்த வீட்டுக்குப் போறதுக்குப் பயமா இருக்கா?" யார், எப்போது, எதனால் என்று எதுவும் வேண்டாம். ஆமாம் என்று தலை அசைத்தால் இன்னொன்று: கழுத்தை நெரித்ததுண்டா? அது ஒருமுறை நடந்திருந்தாலும் உயிருக்கே ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது எப்படியாவது அன்றிரவு அட்மிஷன் போட்டுவிடுங்கள், அப்சர்வேஷன் என்று எழுதினால் மாமியாரும் மறுக்க மாட்டார். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ மாவட்டத்தில் இருக்கும் சகி மையத்துக்கு 181 மூலமாகவே தொடர்பு கிடைக்கும். மனது ரொம்ப உடைந்து போயிருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அழைப்பை நம் டூட்டி ரூம் போனிலிருந்து போடுவது நல்லது, அவருடைய போனில் பதிவு இருக்காது.

எட்டாம் வகுப்பு ஆசிரியர்:

குறுக்கே வருகிறேன். வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, "சார், ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்கிறாள். சத்தியம் செய்யலாமா? செய்யாவிட்டால் சொல்லமாட்டாளே?

மாவட்ட மனநலத் திட்டம், உளவியலாளர்:

செய்யாதீர்கள் சார். பாலியல் துன்புறுத்தலாக இருந்தால் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி நீங்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் 21-ஆம் பிரிவில் உங்கள் மேலேயே வழக்கு வரும். சத்தியம் செய்துவிட்டு மீறினால், ஏற்கெனவே ஒரு பெரியவர் ஏமாற்றிய பிள்ளையை நாமும் ஏமாற்றியதாக ஆகிவிடும். "உன்னைப் பாதுகாக்க ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட சொல்ல வேண்டி வரலாம், யார்கிட்ட சொல்றேன்னு உனக்கு முதல்ல சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லுங்கள். சொல்லுவாள் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. விவரம் எதையும் தோண்ட வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். முக்கியமாக, ஸ்டாஃப் ரூமில் பேசிவிடாதீர்கள்.

எட்டாம் வகுப்பு ஆசிரியர்:

கடைசி வரி சுட்டது. நன்றி.

கிராம செவிலி அக்கா:

எல்லாம் சரி. சிஸ்டருக்கு யார் தண்ணீர் கொடுப்பது? 11 வருடம் கேஷுவால்டி என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார், ஒருத்தர்கூட அதைக் கேட்கவில்லையே. சிஸ்டர், டூட்டி முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய்ச் சமையலில் இறங்காதீர்கள். நான் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போவேன்.

இரவுப்பணி செவிலி:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

அந்தப் பெண் திரும்ப வரவில்லை. எக்ஸ்ரே எடுத்தாரா, வேறு எங்காவது கட்டு போட்டுக்கொண்டாரா, எதுவும் தெரியாது. முகவரி ஏ.ஆர். நோட்டில் இருக்கிறது. வீட்டுக்குப் போனால் அவருக்கே வினையாகும் என்று போகவில்லை.

போன செவ்வாய் வேறொருவர் வந்தார். உதடு கிழிந்து இரண்டு தையல். கூட வந்தது கணவர், ரொம்பப் பணிவான ஆள், எனக்கு இரண்டு தடவை வணக்கம் வைத்தார். சிறுநீர் டப்பாவைக் கொடுத்தேன். நடைபாதை முனையில் நின்று கேட்டேன், இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போகப் பயமா இருக்கா என்று. பதிலே இல்லை. 181 என்று சொன்னேன், அவர் திருப்பிச் சொல்லவில்லை. அந்த நடைபாதையில் அந்த அரை நிமிடம் ரொம்ப நீளம். அக்கா, நீங்கள் எப்படிச் சும்மா நிற்கிறீர்கள்? எனக்கு வாயெல்லாம் துறுதுறுத்தது, இன்னும் நாலு கேள்வி கேட்கச் சொல்லி.

தையல் போடும்போது ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தேன். "இப்ப மரத்துப்போற ஊசி, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். வேணாம்னா கையைத் தூக்குங்க." இரண்டாவது தையலுக்கு முன்னால் கையைத் தூக்கினார். நிறுத்தினேன். ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நிஜமாகவே நிறுத்துகிறேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் அவரே கையை இறக்கி, சரி என்று தலையசைத்தார்.

கிளம்பும்போது, "தையல் பிரிக்க எப்ப வரணும்? நான் மட்டும் வரலாமா?" என்று கேட்டார். வரலாம் என்றேன். வெள்ளிக்கிழமை பகல் டூட்டிக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

டாக்டருக்கு ஒரு செய்தி. எங்கள் எம்.ஓ.விடம் 'ஒருமுறை கேட்டு எழுதுவது' பற்றிப் பேசினேன். பார்க்கலாம் என்றார். ஸ்கிரீனுக்குச் சக்கரம் கேட்டு எழுதிக் கொடுத்தேன், அது இண்டென்ட்டில், அதாவது பொருள் கேட்கும் பட்டியலில், எந்தத் தலைப்பில் வரும் என்று ஸ்டோரில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இப்போதைக்குக் காலுக்குக் கீழே பழைய ஐ.வி. பாட்டில் அட்டைப்பெட்டியை மடித்து வைத்திருக்கிறோம். ஆடாமல் நிற்கிறது.